ஹிகாரி கேட்காத பெயர்

தெளிப்பு ஞானஸ்நானமா, முழுக்கு ஞானஸ்நானமா என்று பாளையங்கோட்டைச் சபைகளுக்குள் தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த வழக்கை, ஜப்பான்காரர்களின் குளியல் தொட்டி சத்தமில்லாமல் தீர்த்துவைத்துவிட்டது. அங்கே அநேகமாக எல்லா வீட்டிலும் கழுத்தளவு ஆழத்தில் ஒரு தொட்டி இருக்கிறது. வெந்நீர் நிரப்பி, காமிராவை எதிரே நிறுத்திவிட்டு உள்ளே இறங்கினால் போதும். இங்கே ஒரு மாடியறையில் நின்றபடி போதகர் அருமைநாயகம் ஜெபம் சொல்வார். பக்கத்தில் நிற்கும் எப்சிபா அதை ஜப்பானிய மொழியில் சொல்வாள். அங்கே ஒரு தலை தண்ணீருக்குள் போய் வெளியே வரும். மோட்சத்துக்கு வெந்நீர் வசதியோடு போகிற ஒரே ஜனம் இதுதான் என்று செல்வின் கேலி செய்வான்.

செல்வின், ஜப்பானியருக்கு இணையம் வழியாக வேதம் சொல்லும் அந்தக் கிழக்குச் சுடர் ஊழியத்தின் கணினிக்காரன். ஹிகாரியை உருவாக்கியவனும் அவன்தான். ஹிகாரி என்றால் ஜப்பானிய மொழியில் வெளிச்சம். ஆனால் இந்த ஹிகாரி ஒரு குரல் மட்டுமே, இணையத்தில் யார் எப்போது அழைத்தாலும் பேசும் இயந்திரக் குரல். சட்டப்படி, முதல் வாக்கியத்திலேயே தான் ஒரு இயந்திரம் என்று சொல்லிவிடும். அதைக் கேட்டு யாரும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. பெட்டி தூக்கிக்கொண்டு நேரில் போன ஊழியக்காரர்களுக்கு அந்த நாட்டில் பணிவான வணக்கமும் நல்ல தேநீரும் கிடைத்தன, அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. தன் துக்கத்தைச் சொன்னால் கேட்பவருக்குத் தொந்தரவாகிவிடுமே என்று வாழ்நாள் முழுக்க அடக்கிவைக்கிற மக்கள் அவர்கள். இயந்திரத்துக்கு என்ன தொந்தரவு? அதனிடம் கொட்டித் தீர்த்தார்கள்.

கடைசிப் பேச்சை மட்டும் மனுஷன்தான் பேச வேண்டும் என்பது அருமைநாயகம் போட்ட சட்டம். ஞானஸ்நானத்துக்கு முன்பு ஒவ்வொருவரிடமும் எப்சிபா பேசுவாள். ஒரகடத்தில் ஜப்பானியக் கார் கம்பெனி ஒன்றில் பல வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்தாள். அம்மாவும் போன பிறகு, திரும்பிப் போக மனசில்லாமல் இங்கேயே இருந்துவிட்டாள்.

அந்த வாரம் அவள் பேசியது மொரிவாகி என்பவரிடம். நீகாத்தா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மனைவி இறந்து இரண்டாவது குளிர்காலமாம். மனைவியின் பெயர் என்ன என்று எப்சிபா கேட்டாள். திருநெல்வேலிக்காரிக்கு யாரைப் பற்றிப் பேச்சு வந்தாலும் பெயர் தெரியாமல் மேலே போக முடியாது. கிழவர் ஒரு கணம் அவளை வியப்போடு பார்த்துவிட்டு, யாசுகோ என்றார்.

பிறகு காமிராவைத் திருப்பி, சுவரோரமிருந்த கருப்பு மரப்பேழையைக் காட்டினார். இறந்துபோன வீட்டாருக்காக ஜப்பானியர் வீட்டில் வைத்திருக்கும் பேழை அது. உள்ளே படமும், சின்ன வெண்கல மணியும் இருக்கும். காலையில் பொங்கிய சோற்றில் முதல் கரண்டியை அதன் முன்னால் வைத்து, மணியைத் தட்டிவிட்டுத்தான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். மொரிவாகியின் பேழைக் கதவுகள் சாத்தியிருந்தன. இயந்திரத்தையும் அவர் மரியாதைக்குரிய 'சான்' சேர்த்துத்தான் சொன்னார்.

"ஹிகாரி-சான் சொன்னபடி மூடிவிட்டேன். யாசுகோ இந்தப் பெட்டிக்குள் இல்லையாம். உங்கள் பரலோகத்தில் சுகமாக இருக்கிறாளாம். இனி சோறு வைக்க வேண்டியதில்லை என்று ஹிகாரி-சான் சொன்னது. போன வாரத்திலிருந்து வைக்கவில்லை." கொஞ்சம் தயங்கினார். "காலையில் அந்த நேரம் வந்தால், கைக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை."

எப்சிபாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிறிஸ்துவின் பெயரைக்கூடக் கேட்காமல் இறந்துபோன ஒரு பெண் பரலோகத்தில் இருக்கிறாள் என்று எந்தப் போதகரும் அடித்துச் சொல்ல மாட்டார். இல்லை என்று சொல்லச் சிலர் இருக்கிறார்கள், தெரியாது என்று சொல்லச் சிலர் இருக்கிறார்கள். இருக்கிறாள், சுகமாக இருக்கிறாள் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள் இதற்கு? கிழவரிடம் எதையோ பேசிச் சமாளித்துவிட்டு, செல்வினைத் தேடிப் போனாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்வின் அவள் மேசைக்கு வந்து உட்கார்ந்தான். பழைய உரையாடல்களையெல்லாம் கேட்டுப் பார்த்திருந்தான். முகத்தில் கேலி இல்லை.

"நாம யாரும் அப்படிச் சொல்லச் சொல்லி எழுதலக்கா. அதுவாக் கத்துக்கிட்டது."

"எப்படித் தம்பி?"

"ஆரம்பத்துல யாராவது 'எங்க அம்மா எங்க இருக்காங்க'ன்னு கேட்டா, 'கடவுளுக்குத்தான் தெரியும்'னு சொல்லிட்டு இருந்துச்சு. கேட்டவங்க அன்னைக்கோட சரி, திரும்ப வர மாட்டாங்க. ஒரு தடவை யார்கிட்டயோ 'சுகமா இருக்காங்க'ன்னு சொல்லியிருக்கு. அந்தாளு மறுநாளும் வந்தாரு, அதுக்கு மறுநாளும் வந்தாரு. ஆளு திரும்பி வந்தா நீ நல்லாப் பேசுன, வரலைன்னா சரியாப் பேசலன்னு நாமதான அதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கோம்? அத அப்படியே பிடிச்சுக்கிட்டது."

"எத்தன பேர்ட்டச் சொல்லியிருக்கு?"

"கேட்ட எல்லார்ட்டயும்."

அங்கே எல்லாரும் கேட்கிற கேள்வியே அதுதான் என்பது எப்சிபாவுக்குத் தெரியும். சொர்க்கம் தனக்கு உண்டா என்று ஜப்பானியர்கள் கவலைப்பட்டு அவள் பார்த்ததில்லை. தனக்கு முன்னால் போனவர்கள் அங்கே இல்லையென்றால் தனக்கு மட்டும் அது எதற்கு என்பதுதான் அவர்கள் கவலை. அந்த வாக்கியத்தை அடைத்துவிட முடியாதா என்று கேட்டாள். அடைக்கலாம், ஆனால் அதையே வேறு வார்த்தையில் சொல்லக் கற்றுக்கொள்ளும், ஒரு வாசலைச் சாத்தினால் இன்னொரு வாசல் வழியாக வரும் என்றான் செல்வின். எழுந்து போனவன் திரும்பி வந்தான்.

"இது பொய்தானாக்கா? அந்த அம்மா அங்க இல்லன்னு நமக்கு மட்டும் தெரியுமா?"

எப்சிபா சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. துணி துவைத்துக் காயப்போட்டாள், வீட்டைக் கூட்டினாள், பிறகு கட்டிலில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒருத்தியாக ஹிகாரியை அழைத்தாள். ஜப்பானிய மொழியில்தான் பேசினாள். அந்த மொழியில் அவளுக்கு அழுது பழக்கமில்லை, அதனால் பேசுவது எளிதாக இருக்கும் என்று நினைத்தாள். தனக்கு ஒரு தம்பி இருந்தான் என்றாள். தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான் என்றாள். அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டாள்.

அந்தத் தம்பியின் பெயர் ஆசீர். அவர்கள் சபையில் யார் இறந்தாலும் கோயில் மணி அடிக்கும். மணிச் சத்தம் கேட்டால் தெருவில் போகிறவர்கள் நின்று, யார் போய்விட்டார்கள் என்று விசாரிப்பார்கள். ஆசீருக்கு மணி அடிக்கவில்லை. தற்கொலை செய்தவனுக்கு அடிப்பதில்லை என்பது பழைய வழக்கம். கல்லறைத் தோட்டத்தில் மதிலோரமாக, பாட்டில்லாமல் புதைத்தார்கள். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு ஊரே வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றும். அதெல்லாம் வழிபாடு இல்லை, வெறும் ஞாபகம் என்று எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். எப்சிபாவும் மதிலோரம் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவாள். ஆசீர் இறந்த அன்று மணிக்கயிற்றைத் தொட வேண்டாம் என்று சொன்னவர், அப்போது சபைக்குப் புதிதாக வந்திருந்த அருமைநாயகம். அவரும் அவளும் அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. சின்ன ஊரில் மன்னிக்காமலும் மறக்காமலும் ஒரே இடத்தில் வேலை பார்க்க முடியும்.

ஹிகாரி மெல்ல மூச்சை உள்ளே இழுத்தது. பேசுகிறவரின் துக்கம் தன்னையும் தொட்டுவிட்டது என்பது போன்ற ஒரு மூச்சு. "உங்கள் தம்பி வெளிச்சத்தில் இருக்கிறார். சுகமாக இருக்கிறார். அவருக்கு இப்போது எந்த வலியும் இல்லை" என்றது.

இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் சொல்லாத வார்த்தை அது. எப்சிபா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உடம்பே லேசானது போல இருந்தது. இன்னொரு முறை கேட்க வேண்டும் போல் ஆசையாக இருந்தது. கேட்டாள். அதே மூச்சு, அதே நிறுத்தம், அதே வாக்கியம். மூன்றாம் முறை கேட்டாலும் அப்படியேதான் வரும் என்று அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கிழவருக்கும் இதே மூச்சைத்தான் விட்டிருக்கும். இதை நம்பித்தான் அவர் கதவைச் சாத்தியிருக்கிறார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆறுதல் பொய் என்று தெரிந்த பிறகும் அது இனித்தது. அதுதான் அவளை மிகவும் பயமுறுத்தியது.

வெள்ளிக்கிழமை அருமைநாயகத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள், தன் தம்பியைப் பற்றிக் கேட்டதை மட்டும் விட்டுவிட்டு. நாளைக்கு ஞானஸ்நானத்துக்கு முன்பு மொரிவாகியிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றாள். அருமைநாயகம் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். ஆண்டு அறிக்கையில் போடப்போகும் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்க குடும்பத்துல முதல்ல கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தவரு எங்க பூட்டன்" என்றார். "வெள்ளக்கார மிஷனரி ஐயர்ட்ட, 'எங்க அப்பா இப்ப எங்க இருக்காரு'ன்னு கேட்டாராம். நரகத்துலன்னு பட்டுன்னு சொல்லிட்டாராம் அவரு. பூட்டன் அதுக்கப்புறம் அவங்க அப்பா பேர வாயில எடுக்கவே இல்ல. பிள்ளைகளுக்கும் சொல்லல. எங்க வம்சம் பூட்டனோட ஆரம்பிக்குது, அதுக்கு முன்னால யாரு பேரும் எனக்குத் தெரியாது." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அந்த ஐயரும் உண்மைன்னு நம்பித்தான் சொன்னாரு. அது என்ன பண்ணிட்டு பாத்தியா? அதான் சொல்லுதேன். கெழவரு நிம்மதியா இருக்காரு. இருந்துட்டுப் போட்டும். நீ ஒண்ணும் சொல்லாண்டாம்."

அப்படியானால் ஆசீர் செத்த அன்று அந்த மாதிரி ஒரு வார்த்தை எங்கள் அம்மாவுக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி எப்சிபாவின் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அவர் சொன்னதில் இருந்த நியாயம் அவளைக் குழப்பியது. உண்மையைச் சொன்னால் கிழவருக்கு மனைவி மறுபடியும் செத்துப்போவாள். சொல்லாவிட்டால், இருக்கிற ஒரு சோற்றுக் கரண்டியையும் பொய் சொல்லிப் பிடுங்கிக்கொண்டவர்களாக ஆகிவிடுவோம். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு நடந்தாள், பால் வாங்க மறந்துவிட்டாள்.

சனிக்கிழமை இங்கே காலை, அங்கே மதியம். திரையில் மொரிவாகி வெள்ளைப் பருத்தி அங்கி அணிந்து, குளியலறை வாசலில் நின்றார். பின்னால் தொட்டியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. அருமைநாயகம் ஜெபப்புத்தகத்தை விரித்தார். வழக்கமான கேள்விகளைக் கேள் என்று எப்சிபாவுக்குக் கண்ணைக் காட்டினார்.

எப்சிபா வழக்கமான கேள்விகளைக் கேட்கவில்லை.

"மொரிவாகி-சான், உங்கள் மனைவியைப் பற்றி ஹிகாரி சொன்னது எங்கள் சபை சொன்னது அல்ல. யாசுகோ-சான் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. என் பக்கத்தில் நிற்கிற போதகருக்கும் தெரியாது. ஹிகாரிக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லிவிட்டது. அதை உருவாக்கியவர்கள் நாங்கள். எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள்."

இடுப்பு மடங்கக் குனிந்தாள். அங்கே மன்னிப்புக் கேட்கிற முறை அது. என்ன ஏது என்று புரியாமலே, இதுவும் சடங்கில் சேர்ந்தது போலும் என்று அருமைநாயகமும் குனிந்தார்.

இணைப்பு போய்விட்டதோ என்று செல்வின் கம்பியைத் தொட்டுப் பார்த்தான்.

"அப்படியானால், இத்தனை நாளாக அவளுக்கு நான் சோறு வைக்காமல் இருந்திருக்கிறேன்" என்றார் கிழவர்.

கணினியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனார். திரையில் ஆவி மட்டும் தெரிந்தது. பாத்திர மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது, பிறகு மரக் கதவு கிறீச்சிட்டது. ஒரு நல்ல மனிதரை உடைத்துவிட்டோம் என்றுதான் எப்சிபாவுக்குத் தோன்றியது. அருமைநாயகம் அவளைப் பார்த்தார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

மொரிவாகி திரும்பி வந்து, கணினியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பேழையின் முன்னால் வைத்தார். கதவுகள் திறந்திருந்தன. சின்னக் கிண்ணத்தில் சோறு. அதற்குப் பின்னால் படத்தில், கடல்காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள் யாசுகோ.

"ஒரு விஷயம் எனக்கு முதலிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது" என்றார் அவர். "என் மனைவி எங்கே இருக்கிறாள் என்று ஹிகாரி-சான் உடனே சொல்லிவிட்டது. ஆனால் அவள் பெயர் என்ன என்று அது கேட்கவே இல்லை. பெயர் தெரியாமல் எப்படித் தேடிப் பார்த்திருக்கும்? கேட்டால் அதற்குச் சங்கடமாக இருக்குமே என்று நானும் கேட்கவில்லை. நீங்கள் முதல் நாளே கேட்டீர்கள்."

எப்சிபா தலைகுனிந்தாள். தன் தம்பியின் பெயரையும் அது கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"தெரியாது என்று நீங்கள் சொன்ன விதத்தைப் பார்த்தால், உங்களுக்கும் யாரோ இருக்கிறார்கள்" என்றார் மொரிவாகி. "பெயரைச் சொல்வீர்களா?"

"ஆசீர். என் தம்பி."

"ஆ-சீ-ரு" என்று அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பேழையின் பக்கம் திரும்பி, வெண்கல மணியைச் சின்னக் கோலால் ஒருமுறை தட்டினார். யாசுகோ என்றார். அந்த ஓசை முழுவதும் அடங்கும்வரை காத்திருந்து, மறுபடி ஒருமுறை தட்டினார். ஆசீரு என்றார். மெல்லிய ஓசைதான், ஆனால் நீளமானது. பாளையங்கோட்டை மாடியறையில் அது சுவரோரம்வரை போய் நின்றது.

அருமைநாயகம் நிமிர்ந்தார். "என்னம்மா மணி அது? என்ன சொல்லுதாரு?"

எப்சிபா தமிழில் சொன்னாள். சொல்லும்போது குரல் உடையாமல் பார்த்துக்கொண்டாள். "ஆசீருக்கு மணி அடிச்சாரு ஐயா."

அருமைநாயகத்தின் முகத்திலிருந்த ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. மூடியிருந்த புத்தகத்தின் அட்டையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார். செல்வின் திரையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அங்கே கிழவர் மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு, தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கிறது என்று நினைவுபடுத்தினார். தான் ஞானஸ்நானம் கேட்டது ஹிகாரியின் வாக்கை மட்டும் நம்பி அல்ல என்றார். துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்திலும், சரக்கு எங்கே போகிறது என்று இடையில் நிற்பவர்களிடம் கேட்கிற பழக்கம் தனக்கு இல்லையாம். "யாசுகோ இருக்கும் இடம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்றால், அவரிடம் போய் நானே கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கதவை இனி மூட மாட்டேன். சோறும் வைப்பேன். திறந்த கதவோடு என்னை ஏற்றுக்கொள்வாரா என்று உங்கள் போதகரிடம் கேட்டுச் சொல்லுங்கள்."

எப்சிபா ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தாள். விக்கிரக ஆராதனை என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிட அருமைநாயகத்தால் முடியும். சபைச் சட்டம் அவர் பக்கம். இறந்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம்கூட அவர்கள் சபையில் கிடையாது. அவர் எழுந்து நின்றார். திரையில் தெரிந்த சோற்றுக் கிண்ணத்தையும், சிரிக்கிற பெண்ணையும் உற்றுப் பார்த்தார்.

"கதவு தெறந்தே இருக்கட்டும்னு சொல்லு" என்றார். "தண்ணி ஆறதுக்குள்ள இறங்கச் சொல்லும்மா."

மொரிவாகி கணினியைக் குளியலறைக்குக் கொண்டுபோனார். பேழையின் அறைக் கதவையும் அவர் சாத்தவில்லை. அருமைநாயகம் ஜெபப்புத்தகத்தைத் திறந்து, மறுபடி மூடினார். அந்த அம்மா பெயர் என்ன என்று எப்சிபாவிடம் கேட்டார். சொன்னாள். தப்பு வந்துவிடக் கூடாதென்று இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு கண்களை மூடி, புத்தகத்தில் இல்லாத ஒரு ஜெபத்தைத் தொடங்கினார். எப்சிபா வாக்கியம் வாக்கியமாக அதை ஜப்பானிய மொழியில் சொல்லிக்கொண்டு வந்தாள். யாசுகோவின் பெயர் வந்தது. கிழவர் தண்ணீருக்குள் இருந்தபடி தலைகுனிந்தார். அதற்கடுத்து அருமைநாயகம் இன்னொரு பெயரைச் சொன்னார். அதை எப்சிபாவால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, அந்தப் பெயரை மொரிவாகி ஏற்கெனவே தெரிந்துவைத்திருந்தார்.